குரோமியம் பெராக்சைடில் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்தில் ஓர் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாக, அல்லது பெற்றதாகக் கணக்கு என்பது) +10 வருகிறதே, சரியா?

+10 இல்லை, +6. ஒரு குரோமியம், ஐந்து ஆக்சிஜன் என்றதும் ஐந்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு −2 போட்டிருப்பீர்கள்.

இதில் நான்கு ஆக்சிஜன்கள் இரண்டிரண்டாகத் தங்களுக்குள்ளேயே பிணைந்தவை (இந்தப் பிணைப்புதான் பெராக்சைடு). அவற்றுக்குத் தலைக்கு −1தான். இரட்டைப் பிணைப்பில் தனியாக நிற்கும் ஐந்தாவதற்கு மட்டும் −2. ஆக மொத்தம் −6, அதை ஈடுகட்ட குரோமியத்துக்கு +6.

சந்தேகம் வந்தால் வெளி எலக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள். குரோமியத்திடம் 3டி துணைக்கூட்டில் 5, 4எஸ் துணைக்கூட்டில் 1, அவ்வளவுதான். பத்தை எங்கிருந்து கொடுக்கும்? பெராக்சிமோனோசல்பூரிக் அமிலத்தில் கந்தகத்துக்கு +8 வருவதும் இதே கோளாறுதான், அங்கும் +6.

அப்புறம், விசித்திரமான எண் வந்தாலே பெராக்சைடு என்று முடிவுகட்ட வேண்டாம். மேக்னடைட்டில் (மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன்) இரும்புக்கு 8/3 வரும். அது வெறும் சராசரி: ஒன்று +2, மற்ற இரண்டும் +3.