வேன் வருவதற்குள்: வேலைக்குப் போகும் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. பெரியவர்கள் யாரும் உடன் இல்லை. எட்டு வருடமாகக் காலை நேரத்தோடு மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: அக்கா, ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். ஆனாலும் 7.40-க்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஒரு பிள்ளைக்கு ஷூ போட்டிருக்காது. இன்னும் சீக்கிரம் எழ வேண்டுமா? (இரண்டு பிள்ளைகளின் அம்மா, தாம்பரம்)

வேண்டாம். உங்களுக்கும் தூக்கம் வேண்டும். நானும் ஒரு காலத்தில் நாலரைக்கு அலாரம் வைத்தேன். அந்த அரை மணி நேரத்துக்கும் ஏதாவது வேலை வந்து உட்கார்ந்துகொண்டதே தவிர, வேன் வரும்போது அதே ஓட்டம்தான்.

ஒரு வாரம், தாமதம் ஆன ஒவ்வொரு முறையும் எதனால் ஆனது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். ஒற்றைக் கால் சாக்ஸ். ஐ.டி. கார்டு. டைரியில் கையெழுத்து. என்ன குழம்பு வைப்பது என்று ஃப்ரிட்ஜைத் திறந்தபடி நின்றது. சமைக்க நேரம் போதாமல் தாமதம் ஆனது அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். மற்றதெல்லாம் தேடியதும் யோசித்ததும்.

அதனால் தேடுவதையும் யோசிப்பதையும் இரவுக்கு மாற்றுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இருபது நிமிடம் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி, அதில் பனியன் முதல் ஐ.டி. கார்டு வரை எல்லாம் தொங்கட்டும். சாக்ஸை ஷூவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பையில் டைம்டேபிள் பார்த்து அடுக்கி, டைரியில் கையெழுத்துப் போட்டு, வாசல் பக்கம் வைத்துவிடுங்கள். பீன்ஸ், கேரட்டை இரவே நறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கத்திரிக்காயும் வாழைக்காயும் கறுத்துப்போகும், அதனால் அவை இருக்கிற பொரியலை வார நாளில் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: தினமும் டிஃபனும் மதியச் சாப்பாடும் என்ன செய்வது என்பதே பெரிய பாடு. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (அரசு அலுவலக ஊழியர், திருச்சி)

கிழமைக்கு ஒன்று என்று எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டேன். நான்கு வருடமாக அதே தாள்தான், மாதம் ஒருமுறை ஓரிரண்டு மாறும். பிள்ளைகளுக்குச் சலிக்குமே என்று முதலில் பயந்தேன். ஆனால் என் மகன் திங்கட்கிழமை எழுந்ததும் "இன்னிக்கு எலுமிச்சைச் சாதம்" என்று அவனே சொல்கிறான். என்ன வரும் என்று தெரிந்திருப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

மாவு ஞாயிறு அரைக்கிறேன். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரைத்ததும் இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுவேன். ஒன்று வெளியே புளிக்கும், திங்களும் செவ்வாயும் அதுதான். இன்னொன்றைப் புளிக்க விடாமல் நேராக ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, செவ்வாய் இரவு வெளியே எடுத்து வைப்பேன். புதன் காலையில் புது மாவு போலவே பொங்கியிருக்கும். வெயில் காலத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் புளித்துவிடும். மார்கழியில் எங்கள் ஊர்க் குளிருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் போதாது, அப்போது மட்டும் சாயங்காலமே எடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமைக்குள் கொஞ்சம் புளிப்பேறிய மாவு, வெங்காயம் போட்டுப் பணியாரத்துக்குச் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை உப்புமா.

மதியத்துக்குத் திங்கள் எலுமிச்சை, செவ்வாய் குக்கரில் சாம்பார் சாதம், புதன் புளிச் சாதம் (புளிக்காய்ச்சல் ஞாயிறே காய்ச்சி வைத்தது), வியாழன் பருப்புப்பொடியும் நெய்யும், வெள்ளி தயிர்ச் சாதம். தயிர்ச் சாதத்தில் ஒரு விஷயம்: காலையிலேயே நிறையத் தயிர் ஊற்றினால் மதியத்துக்குள் புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கிளறுங்கள். டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பதமாகத் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னியை மட்டும் டப்பாவில் வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும். இட்லி கொடுப்பதாக இருந்தால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவியே கொடுங்கள்.

கேள்வி: மனைவியும் நானும் வேலைக்குப் போகிறோம். எந்த வேலை சொன்னாலும் நான் தட்டுவதில்லை. ஆனாலும் அவருக்கு என் மேல் கோபம்தான். நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்? (ஒரு அப்பா, மதுரை)

கேட்டதற்கு நன்றி சார். ஒளிக்காமல் சொல்கிறேன், "சொன்னால் செய்கிறேன்" என்பதில்தான் சிக்கல். பால் தீர்ந்ததா, ஃபீஸ் கடைசித் தேதி எப்போது, தடுப்பூசி எந்த மாதம், ஷூ சின்னதாகிவிட்டதா என்பதையெல்லாம் உங்கள் மனைவி ஒருவரே நினைவில் வைத்திருக்கிறார். நீங்கள் கடைக்குப் போய் வந்தாலும் அந்தப் பாரம் அவர் தலையில்தான் இருக்கிறது.

ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு யூனிஃபார்ம். துவைக்கப் போடுவது மட்டும் இல்லை. அயர்ன்காரரிடம் கொடுத்து வாங்குவது, பட்டன் தைப்பது, எந்தக் கிழமை வெள்ளை யூனிஃபார்ம் என்று தெரிந்து வைப்பது, பிள்ளை வளர்ந்துவிட்டால் புதுசு வாங்குவது, எல்லாமும் உங்களுடையது. மனைவி ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தக் கூடாது.

எங்கள் வீட்டில் பள்ளியிலிருந்து வரும் தகவல்கள் எல்லாவற்றையும் கணவரே பார்ப்பது என்று முடிவானது. இரண்டாவது மாதம், கலர் டிரெஸ் போட வேண்டிய நாளை அவர் கவனிக்கவில்லை. வகுப்பில் என் மகள் மட்டும் யூனிஃபார்மில் போய் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வேனைவிட்டு இறங்கும்போதே அழுகை. முந்தின நாளே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் மனசு அடித்துக்கொண்டது, ஏனென்றால் எனக்குத் தெரியும். ஆனால் அவரே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா மறந்துட்டேன்டா, தப்பு என்னோடது" என்று சொன்னார். அன்றிலிருந்து நைட் ஷிஃப்டில் இருந்தாலும் சாயங்காலம் பள்ளித் தகவலைப் பார்க்காமல் அவர் கிளம்புவதில்லை. அப்புறம் நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நான்கு வயசு மகன் காலையில் எழுப்பினாலே அழுகிறான். செல்போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். (அம்மா, சேலம்)

எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று முதலில் பாருங்கள். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆறரைக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை பகலில் தூங்காவிட்டால், எட்டரைக்குள் கண் மூட வேண்டும். பத்து மணி வரை டிவி சத்தத்தில் விழித்திருந்த பிள்ளை காலையில் அழத்தான் செய்யும், அது அடம் இல்லை.

வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து எட்டரைக்குத் தூங்க வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களே ஆறரைக்கு அவனுக்கு இரவுச் சாப்பாட்டைக் கொடுத்துவிடட்டும். நீங்கள் வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு, கை கால் கழுவி, அடுப்பு பக்கம் போகாமல் பதினைந்து நிமிடம் அவனோடு தரையில் உட்காருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதினைந்து நிமிடம் தவறிய நாளில் படுக்கப் போகும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தை. அடுத்த மாதம் மறுபடி வேலைக்குப் போகிறேன். தாய்ப்பாலை எடுத்து வைக்கலாமா? (மென்பொருள் நிறுவன ஊழியர், சென்னை)

தாராளமாக. எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள். சென்னை வெயிலில் அறையை நம்ப வேண்டாம், ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டு வாருங்கள். பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி, பழையதை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். வேலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே, பார்த்துக்கொள்ளப்போகிறவர் கையால் குடித்துப் பழகட்டும்.

அப்புறம், உங்கள் உரிமையும் தெரிந்திருக்கட்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதி உண்டு என்பது 2017-ல் சட்டத் திருத்தத்தில் வந்தது. ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை, எட்டு மணிக்கு உள்ளே இருக்கணும். பிள்ளை அரசுப் பள்ளியில் இரண்டாவது. சாப்பாடு ஊட்ட நேரமே இல்லை, மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா. (திருப்பூர்)

பள்ளியிலேயே சாப்பிடட்டும் தங்கச்சி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாம்பாரோடு கொடுக்கிறார்கள். சமைக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். வீட்டில் ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்புங்கள். நான்கு பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்தால் வீட்டில் சாப்பிடாத பிள்ளையும் சாப்பிடும். நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

கேள்வி: திடீரென்று காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்றே சண்டை வருகிறது.

சண்டை வராத ஒரு நாளில் பேசி வையுங்கள்: முதல் நாள் ஒருவர், அடுத்த நாள் மற்றவர். மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மகளுக்கு இரட்டைச் சடை பின்னுவதற்குள் காலையில் பதினைந்து நிமிடம் போகிறது, அழுகையும் ஓயவில்லை. (அம்மா, ஈரோடு)

இரவே எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைச் சடை போட்டுப் படுக்க வையுங்கள். தலையணையில் உரசிச் சிக்கு விழாது. சிக்கெடுக்கும்போது உச்சியிலிருந்து இழுக்காதீர்கள். முடியின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள், வலி தலைக்கு ஏறாது. காலையில் நடுவகிடு எடுத்துப் பின்ன ஐந்து நிமிடம் போதும். தலை குளியலைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பனைக் கழற்றும்போதே விரலில் சுற்றி வைத்தால் மறுநாள் சுருக்கம் இல்லாமல் பூ கட்ட வரும். என் மகள் இப்போது அவளே சுற்றி, கொக்கியில் ஐ.டி. கார்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் படுக்கப் போகிறாள்.