பேட்டரிக்குத் துணையாக சூப்பர் கெப்பாசிட்டர்: கேள்வி பதில்

சார், மின் வண்டியில் பேட்டரி இருக்கும்போது சூப்பர் கெப்பாசிட்டர் எதற்கு?

கிணறு இருக்கிற வீட்டிலும் வாசலில் அண்டா வைப்போம் இல்லையா, அதற்குத்தான். லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 150 முதல் 250 வாட்-மணி வரை வைத்திருக்கும். சூப்பர் கெப்பாசிட்டரில் 5 அல்லது 6தான். ஆனால் அது கேட்ட நொடியில் அள்ளிக் கொடுக்கும், பிரேக் பிடித்தால் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். லட்சக்கணக்கான முறை இப்படிச் செய்தாலும் பெரிதாகத் தேயாது. பேட்டரியில் ரசாயன மாற்றம் நடக்கிறது; திடீர் ஆம்பியர் அதைச் சூடாக்கி ஆயுளைக் குறைக்கும்.

கல்லூரி புராஜெக்டுக்கு 48 வோல்ட் ஸ்கூட்டர் எடுத்திருக்கிறோம் அண்ணா. எவ்வளவு பெரியது போடலாம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு 200 கிலோ, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் இயக்க ஆற்றல் சுமார் 19,300 ஜூல், அதாவது 5.4 வாட்-மணி. 350 ஃபாரட் கொள்ளளவு, 2.7 வோல்ட் உள்ள கெப்பாசிட்டர் செல் ஒன்றில் 0.35 வாட்-மணி பிடிக்கும். 20 செல்களைத் தொடராகக் கோத்தால் 54 வோல்ட், 7 வாட்-மணி. மோட்டாரிலும், பேட்டரிக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையே வோல்ட்டை மாற்றித் தரும் கன்வெர்ட்டரிலும் ஆகும் இழப்பெல்லாம் போக பிரேக்கில் திரும்பி வருவதற்கு இது தாராளம். செல்களுக்குள் வோல்ட் சமமாக இருக்க பேலன்சிங் சர்க்யூட் கட்டாயம்.

கன்வெர்ட்டர் விலை அதிகம். பேட்டரியோடு நேராக இணைத்தால்?

இணைக்கலாம், பலன் சொற்பம். கெப்பாசிட்டர் தன் வோல்ட் இறங்கினால்தான் ஆற்றலைத் தரும். பாதி வோல்ட்டுக்கு இறங்கினால் முக்கால் பங்கு கிடைத்துவிடும். பேட்டரியோ அதை இறங்கவே விடாமல் பிடித்துவைத்திருக்கும். அப்புறம், காலி கெப்பாசிட்டரைப் பேட்டரியில் தொடுவது ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். அப்படித் தொட்டதில் ஒயர் முனையின் வளையம் (ரிங் டெர்மினல்) போல்ட்டோடு உருகி ஒட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பேட்டரிக்கும் கெப்பாசிட்டருக்கும் ஆற்றலைப் பங்கிட ஃபஸி லாஜிக்கா (கொஞ்சம், அதிகம் என்பது போன்ற தோராய விதிகளால் முடிவெடுப்பது), நியூரல் நெட்வொர்க்கா (தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நிரல்)?

இரண்டுக்கும் முன்னால் வண்டியின் வேகத்தைக் கவனியுங்கள். நிற்கும் வண்டி அடுத்து கிளம்பத்தான் போகிறது. கெப்பாசிட்டர் நிறைந்திருக்க வேண்டும். வேகமாகப் போகும் வண்டி எப்போது வேண்டுமானாலும் பிரேக் பிடிக்கலாம். அப்போது கெப்பாசிட்டரில் இடம் காலியாக இருக்க வேண்டும். வேகம் ஏற ஏற கெப்பாசிட்டரின் இலக்கு வோல்ட் இறங்கட்டும். பலர் லோ-பாஸ் ஃபில்டர் மட்டும் வைத்து, மெதுவாக மாறும் பவரைப் பேட்டரிக்கும் துள்ளும் பவரைக் கெப்பாசிட்டருக்கும் பிரித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சிக்னலில் நின்று கிளம்பும்போது கெப்பாசிட்டர் காலியாகக் கிடந்தால், மொத்தச் சுமையும் மறுபடி பேட்டரி தலையில்தான். வேகத்தைப் பார்க்கும் இந்த எளிய விதியை முதலில் ஓட்டிப் பாருங்கள். மற்றதை அதன் மேல் கட்டலாம்.

அப்படியானால் மின் கார்களில் ஏன் காணோம்?

60 யூனிட் பேட்டரி உள்ள காருக்கு 100 கிலோவாட் பெரிய சுமையே இல்லை. அடிக்கடி நிற்கும் வண்டிக்குத்தான் இதன் அருமை தெரியும். ஷாங்காயில் 2006-லேயே, நிறுத்தத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கெப்பாசிட்டரில் ஓடும் பேருந்துகள் வந்துவிட்டன.

ரேஞ்ச் கூடுமா சார்?

கொஞ்சம்தான். அதற்காக இதைச் செய்யாதீர்கள். பேட்டரியின் ஆயுளுக்காகச் செய்யுங்கள்.

கழற்றி வேலை பார்க்கும்போது கவனிக்க வேண்டியது?

சாவியை எடுத்தாலும் சார்ஜ் உள்ளேயே இருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு மீட்டரில் பாருங்கள். பூஜ்யம் காட்டிய பிறகும் வோல்ட் மெல்லத் திரும்ப ஏறும். அதனால் வேலை முடியும்வரை இரு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தே வையுங்கள்.