கேள்வி – பதில்: போகும்போது இருந்த நாடு வரும்போது இல்ல

கேள்வி: விண்வெளிக்குப் போயிட்டு நூறு வருஷம் கழிச்சு வந்து, ஊரு உலகமே மாறிப்போயி திண்டாடுற மாதிரி நெறைய கதை வருதே சார், நெஜமா யாருக்காச்சும் அப்படி நடந்திருக்கா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நூறு வருஷம்லாம் வேணாம்மா, பத்தே மாசத்துல நடந்திருக்கு. செர்கெய் கிரிகாலேவ்னு ஒரு சோவியத் விண்வெளி வீரர். 1991 மே 18 பைக்கனூர் ஏவுதளத்துலேர்ந்து கெளம்பி மிர்ங்கற சோவியத் விண்வெளி நிலையத்துக்குப் போனாரு, சுமார் அஞ்சு மாசத்துல திரும்புறதா பிளான். அவரு மேல இருக்கும்போதே கீழ ஒவ்வொண்ணா மாறுது. ஆகஸ்ட்ல ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி, செப்டம்பர்ல அவரு பொறந்த லெனின்கிராட் பேரு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு ஆயிடுச்சு, டிசம்பர்ல பைக்கனூர் இருக்கற கஜகஸ்தான் தனி நாடாயிடுச்சு, அந்த மாசம் முடியறதுக்குள்ள சோவியத் யூனியனே இல்ல.

அவர அங்கயே அம்போன்னு விட்டுட்டாங்கன்னு நெறைய பேரு எழுதுறாங்க, அது சரியில்ல. எறங்கி வர சோயுஸ் கலம் நிலையத்துலயே நின்னுச்சு. காசு இல்லாம ரெண்டு பயணத்த ஒண்ணாக்கிட்டாங்க, அதுல ஒரு சீட்டு கஜகஸ்தான் வீரருக்குப் போயிடுச்சு, அவருக்கு மாசக்கணக்குல தங்குற பயிற்சி கெடையாது, அதனால நீங்களே இன்னும் கொஞ்ச நாள் இருங்கன்னு கேட்டாங்க, இவரும் சம்மதிச்சாரு. எனக்கு அவரு மேல மரியாதை வர்றதே இந்த எடத்துலதான்.

கடைசியா 1992 மார்ச் 25 எறங்குனாரு, 311 நாள் கழிச்சு. சட்டையில இன்னும் சோவியத் எழுத்துதான், எறங்குன மண்ணு வேற நாடு. முகம் வெளுத்து வேர்த்துப்போயி கைத்தாங்கலா வெளிய கொண்டுவந்தாங்க. பத்து மாசம் எடையே இல்லாம மெதந்த ஒடம்புக்கு எலும்பும் தசையும் தேஞ்சிருக்கும், நிக்கிறதே பாடு. அதுக்கு மேல அந்த ஜனவரியிலதான் ரஷ்யாவுல வெலக்கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க, வெலவாசி எங்கயோ போயிடுச்சு, போகும்போது நல்ல சம்பளம்னு நெனச்சதுக்கு வரும்போது மதிப்பே இல்ல.

ஆனா மனுஷன் ஒடைஞ்சு போகல. 1994ல அமெரிக்காவோட டிஸ்கவரி விண்கலத்துலயே போனாரு, 2000ல சர்வதேச விண்வெளி நிலையத்துல தங்குன மொத மூணு பேர்ல ஒருத்தர். ஆறு பயணத்துல மொத்தம் 803 நாள் விண்வெளியில இருந்திருக்காரு.

அவரு மனைவி எலினாவும் விண்வெளிப் பயணக் கட்டுப்பாட்டு மையத்துல வேல பாத்தவங்கதான், வீட்ல கைக்குழந்த வேற. அந்தப் பத்து மாசம் பேசுறப்பல்லாம் கீழ இருக்கற கஷ்டத்த அவங்க சொல்லாம தவிர்த்தாங்க, அவரும் அப்படித்தான் மேல இருக்கறத சொல்லலையாம்.