லிஸ்ட்டிலிருந்து சிவிலை எடுத்தது யார்?

அம்மா, சனிக்கிழமை மகள் எந்த இன்ஜினியரிங் கோர்ஸ் எடுக்கலாம் என்று பேச, அவளையும் மகனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எதுக்கெடுத்தாலும் சிரிப்பு, மீம்ஸ். இவ எங்க சார் பொறுப்பா கோர்ஸ் எடுக்கப் போறா?" என்றீர்கள். அவளை வைத்துக்கொண்டு பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றிய பயத்தை விடுங்கள். அமெரிக்காவில் ஆலிஸ் ஐசன் என்ற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு டப்பா நிறைய குண்டூசி. மெழுகு கீழே சொட்டாதபடி வர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஊசியைக் கொட்டிவிட்டு, காலி டப்பாவைச் சுவரில் குத்தி, அதன்மேல் வர்த்தியை நிறுத்தினால் முடிந்தது. ஆனால் டப்பாவை டப்பாவாகவே பார்ப்பவருக்கு இது தோன்றாது. சற்று முன் நகைச்சுவைக் காட்சி பார்த்தவர்களில் நாலில் மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். கணக்கு பற்றிய படம் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான். என்னென்ன வழி இருக்கிறது என்று யோசிக்கும் கட்டத்தில் சிரித்த மனசு நல்லது.

படிக்கும்போது கதை வேறு. ஸ்டீபன் ஷ்மிட் என்ற உளவியலாளர் 1994-ல் வேடிக்கையான வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்துப் பார்த்தார். வேடிக்கையானவை நன்றாக நினைவில் நின்றன. ஆனால் பக்கத்தில் இருந்த சாதாரண வாக்கியங்கள்தான் அதற்கு விலை கொடுத்தன. கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குப் பக்கத்தில் போன் இருந்தால் மீம்தான் நிற்கும், கெமிஸ்ட்ரி நிற்காது. ஜோக் பாடத்தைப் பற்றியதாகவே இருந்தால் அது உதவும், அது தனி விஷயம்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அன்று என் மேஜையில் அவள் பொறியியல் கவுன்சலிங்குக்குப் போட்டிருந்த சாய்ஸ் லிஸ்ட்டைப் போனில் காட்டினாள். மூன்றாவது இடத்தில் சிவில் இன்ஜினியரிங் இருந்தது. உங்கள் பையன் எட்டிப் பார்த்து, "அக்கா நாலு வருஷம் படிச்சு சித்தாளா போகப் போறா" என்றான். நாலு பேரும் சிரித்தோம், நானும்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் சிவிலை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டாள். நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவனே அதை முகத்தை இறுக்கிக்கொண்டு, "பொண்ணுங்களுக்கு சிவில் சரிப்படாது" என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பாள், அப்படிப்பட்ட பெண் அவள். ஜோக்கோடு யார் சண்டை போடுவது? "சும்மா சொன்னேன்"னு அவன் நழுவிவிடுவான், இவளுக்கு 'ஜோக் கூட புரியாதவள்' என்ற பெயர்தான் மிஞ்சும். ராபின் நாபி என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2007-ல் இதைத்தான் காட்டினார்கள். சிரிப்போடு வரும் கருத்தை 'இது ஜோக்தானே' என்று எதிர்வாதம் செய்யாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் கருத்து போய்விடுவதில்லை, சில நாள் கழித்துத் தலைதூக்குகிறது. வீட்டில் நடக்கும் பல முடிவுகள் இப்படித்தான் நடக்கின்றன என்பது என் அனுபவம்.

ஆண் மூளை, பெண் மூளை என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். 2005-ல் ஸ்டான்ஃபோர்டில் பத்து ஆண்களுக்கும் பத்துப் பெண்களுக்கும் கார்ட்டூன் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெரும்பாலும் ஒரே பகுதிகள்தான் வேலை செய்தன. பெண்களுக்கு ஒன்றிரண்டு இடங்களில் கூடுதல் அசைவு தெரிந்தது. இருபது பேரை வைத்து உங்கள் மகளுக்கு கோர்ஸ் சொல்ல முடியாது.

வித்தியாசம் கேட்பவர் காதில்தான் பெரிதாக இருக்கிறது. 2019-ல் வந்த ஓர் ஆய்வில் கடை மேலாளராக நடித்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே வசனத்தைப் பேசினார்கள். ஜோக் சேர்த்ததும் ஆணின் மதிப்பு ஏறியது, பெண்ணின் மதிப்பு இறங்கியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்று தம்பி ஜோக் அடித்தபோது "வாயைப் பாருங்க சார்" என்று சிரித்தீர்கள். அவள் திருப்பிக் கொடுத்தபோது "பெரியவங்க முன்னாடி என்ன பேச்சு" என்றீர்கள். நாளைக்கு இன்டர்வியூவில் இருப்பவர்களும் இதே காதோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காக அவளை ஊமையாக்க வேண்டாம். முதலில் பதில், அப்புறம் சிரிப்பு என்று பழகட்டும். இது நியாயமில்லைதான். ஆனால் முதல் வேலைக்குப் போகும் பெண்ணிடம் நான் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. சிவிலைத் திரும்ப லிஸ்ட்டில் போடச் சொல்லுங்கள். பொறியியல் கவுன்சலிங்கில் எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வரிசைதான் முக்கியம். லிஸ்ட்டிலிருந்து நீக்கிய ஒவ்வொரு கோர்ஸுக்குப் பக்கத்திலும் ஏன் நீக்கினாள் என்று ஒரு வரி அவள் கையால் எழுதட்டும். எழுத முடியவில்லை என்றால் அதை லிஸ்ட்டிலிருந்து எடுத்தது அவள் இல்லை. லிஸ்ட் போடும் நாளில் வீடு கலகலவென்று இருக்கட்டும். லிஸ்ட்டை முடிவு செய்து லாக் செய்வதை மட்டும் மறுநாள் காலை, யாரும் பக்கத்தில் இல்லாமல், அவளே செய்யட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நான் ஃப்ரீ. தம்பியையும் கூட்டி வாருங்கள். அடுத்த வருஷம் அவனுக்கும் பிளஸ் டூதானே?