ஸ்டென்ட் வைத்தவருக்கு மலைப்பூண்டு

கேள்வி: ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைக்காமல் தாங்கும் சிறு வலைக்குழாய்) வைத்த அப்பா ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார். பிரஷர் குறைய, தினமும் 10 பல் மலைப்பூண்டைப் பச்சையாகக் கொடுக்கலாமா?
– வாசகி, பூம்பாறை

பதில்: வேண்டாம்மா. பூண்டை நசுக்கும்போது அல்லிசின் என்ற கந்தகப் பொருள் உண்டாகிறது. அதிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்கள் ரத்தக் குழாயைச் சற்றுத் தளர்த்தும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் குறைக்கும். அப்பாவின் இரண்டு மாத்திரைகளும் தட்டணுக்களைத்தான் தடுக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் ஈறில் ரத்தம் கசியலாம், வயிற்றுக்குள்ளேயும் கசியலாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ரசத்திலோ குழம்பிலோ ஒன்றிரண்டு பல் தாராளமாகச் சேர்க்கலாம். நசுக்கி, 10 நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் போடுங்கள். முழுப் பல்லாகப் பாலில் வேகவைத்தால் அல்லிசினை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும், அல்லிசின் உருவாகாது. பூண்டை நம்பி எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.