ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு: வாசகர் கேள்வி-பதில்

பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் நாலு வரி போட்டதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். நானும் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான், கொஞ்சம் சார்பாகப் பேசுவேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கே: என் மகன் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 42 பிள்ளைகள், அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து ரெண்டே டீச்சர், அதில் ஒருவர் ஹெச்.எம். அவர் மீட்டிங் போனால் ஒருவர்தான். இது சட்டப்படி செல்லுமா?
- ஒரு தாய், செங்கம் அருகில்

செல்லும் அம்மா, கஷ்டமே அதுதான். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் இருக்கும்வரை 2 ஆசிரியர் போதும், 61 ஆனால்தான் மூன்றாவது ஆள். தலைமை ஆசிரியர் என்று தனியாக ஒருவர் வேண்டுமென்றால் 150-ஐத் தாண்ட வேண்டும். உங்கள் பள்ளிக் கணக்கை எடுத்தால் ஆசிரியருக்கு 21 பிள்ளைகள், காகிதத்தில் பார்க்கிறவர் இங்கே என்ன குறை என்றுதான் கேட்பார். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை.

நானும் இப்படி ஒரு ஈராசிரியர் பள்ளியில் இருந்திருக்கிறேன். கரும்பலகையை நடுவில் சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் நாலாம் வகுப்புக்கு வகுத்தல், அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். உடன் இருந்த டீச்சர் சி.எல். எடுத்த அன்று சின்னப் பிள்ளைகள் மூன்று வகுப்பும் என் பக்கம் வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்துக் காட்டுவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவளுடைய பின்னக் கணக்கு அன்றைக்குப் போச்சு. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள், ஒரே ஆள் மூன்று வகுப்பையும் சேர்த்து நடத்துவதற்கு அது ஓரளவு கைகொடுக்கிறது. ஹெச்.எம். மீட்டிங் போகிற நாளுக்கு அதிலும் மருந்து கிடையாது.

கே: எங்கள் பக்கம் உபரி ஆசிரியர் என்று பட்டியல் போட்டு மாற்றுகிறார்கள். செய்தியில் பார்த்தால் வடமாவட்டங்களில் ஆளே இல்லை என்கிறார்கள். எது நிஜம்?
- ஓய்வுபெற்ற தபால்காரர், பாளையங்கோட்டை

ரெண்டும் நிஜம் ஐயா. உங்கள் ஊரில் மிஷன் காலத்திலிருந்தே பள்ளிகளும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன, வீட்டுக்கு ஒரு டீச்சர் என்று சொல்லுமளவுக்கு ஆசிரியர்களை உருவாக்கிய மண் அது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் அப்படி இல்லை, பிள்ளைகள் அதிகம், உள்ளூரில் படித்து வந்த ஆசிரியர்கள் குறைவு. அதனால் புதிதாக ஆள் எடுக்கும்போது காலியிடம் பெரும்பாலும் வடக்கேதான் இருக்கிறது, தெற்கத்திப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேருகிறார்கள், சேர்ந்த நாளிலிருந்தே சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் எப்போது என்று கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறார்கள். மாறுதல் கிடைத்ததும் வடக்கே அந்த இடம் மறுபடி காலி. வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிற கதை.

இதற்காக அந்த ஆசிரியர்களைத் திட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு வீடும் கைக்குழந்தையும் தூத்துக்குடிப் பக்கம். வெள்ளிக்கிழமை நாலரைக்குப் பை தூக்கினால் ராத்திரி முழுக்க பஸ், ஞாயிறு சாயங்காலம் மறுபடி பஸ் ஏறி திங்கள் காலையில் பள்ளிக்கே நேராக வந்து, சத்துணவு அம்மா கொடுக்கும் வெந்நீரில் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு பிரேயருக்கு நிற்பார். நாலு வருஷம் அப்படி ஓடினார். மாறுதல் ஆணை வந்த அன்று எங்கள் பிள்ளைகள் அழுதார்கள், அவர் அழவில்லை.

உபரிக் கணக்குக்கு வருகிறேன். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். ரெண்டு பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனால் போதும், ஒரு ஆசிரியர் 'சர்ப்ளஸ்' ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறெங்காவது போகணும். ஆசிரியர் குறைந்ததைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் டி.சி. கேட்பார்கள். ஜூலை மாதம் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பிடிப்பது தங்கள் பணியிடத்தையும்தான்.

கே: 2013-இல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்தேன். ஆசிரியர் இல்லை என்று ஒரு பக்கம் பேச்சு, நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என்ன நியாயம் சார்?
- பட்டதாரி, விருத்தாசலம்

நியாயம் இல்லை தம்பி. உங்கள் தலைமுறைக்கு நடந்தது இது: 2012-இல் முதல் டெட், 150-க்கு 90 எடுக்கணும், எழுதிய லட்சக்கணக்கானவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2014-இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 எடுத்தால் போதும் என்று தளர்த்தினார்கள், கூடவே பிளஸ் டூ, டிகிரி மார்க்கையெல்லாம் சேர்க்கும் வெயிட்டேஜும் இருந்தது. எப்பவோ படித்த பிளஸ் டூ மார்க் குறைவு என்பதற்காக மூத்தவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். 2018-இல் அரசாணை 149 வந்து, டெட் வெறும் தகுதிதான், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். ஏழு வருஷம்தான் செல்லும் என்றிருந்த சான்றிதழை 2021-இல் ஆயுள் முழுக்கச் செல்லும் ஆக்கியது மட்டும் ஆறுதல். இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது தொடக்க வகுப்பு எடுப்பவர்களுக்கு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூலையில்தான் தேர்வு நடந்தது, 1,768 இடம் என்று அறிவித்துப் பிறகு ஆயிரம் கூட்டினார்கள்.

காலியிடம் இருப்பது வேறு, அதை நிரப்ப நிதித்துறை தலையாட்டுவது வேறு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, நிரந்தர ஆசிரியர் என்றால் முப்பது வருஷச் சம்பளம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளுவதுதான் எந்த அரசுக்கும் சுலபம். ஜவுளிக்கடையை விடாதீர்கள், புத்தகத்தையும் மூடாதீர்கள்.

கே: எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடித்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக வேலை, மாதம் 18,000 என்கிறார்கள். போகலாமா?
- மணப்பாறை

போங்கள். ஆனால் எங்கே கால் வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள். நிரந்தர ஆள் வந்து சேர்ந்தால் மறுநாளே உங்களுக்கு நன்றி சொல்லிவிடுவார்கள், கோடை விடுமுறைக்குச் சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம், பின்னாளில் முன்னுரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். 2022-இல் 13,331 இடங்களுக்கு இப்படி ஆள் எடுக்கக் கிளம்பியபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்றுதான் ஆரம்பித்தார்கள், பிறகுதான் 12, 15, 18 ஆயிரம் ஆனது. 7,500-ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250. அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 281 ரூபாய். (சனி, ஞாயிறையும் சேர்த்து வகுத்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், டீச்சர் சனி ஞாயிறிலும் சாப்பிடத்தான் செய்வார்.)

கே: ஆசிரியர்களுக்கு என்ன சார், லீவும் சம்பளமும். இருக்கிறவர்கள் ஒழுங்காக வேலை செய்தாலே பற்றாக்குறை தீரும்.
- கோயம்புத்தூர்

இருக்கிறவர்களை வகுப்பில் இருக்க விட்டால் கொஞ்சம் தீரும், அதை ஒத்துக்கொள்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இதில் தேர்தல் என்ற ஒரு சொல்லே பெரிய கதவு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலை பார்த்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். சட்டத்தில் இல்லாத எமிஸ் (பள்ளி விவரங்களுக்கான இணையதளம்) பதிவேற்றம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, இலவச நோட்டுப் புத்தகத்தை ஆட்டோ பிடித்து ஏற்றி வருவது, இதெல்லாம் தனி. வருகைப் பதிவு ஏற சிக்னல் இல்லாமல் செல்போனை நீட்டிக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றி நடக்கும் ஹெச்.எம்.களை எனக்குத் தெரியும்.

வேலை செய்யாதவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எங்கள் காலத்திலும் இருந்தார்கள்.

கே: 50 வயது, 2004-இல் பணியில் சேர்ந்தவள். டெட் எழுதாவிட்டால் வேலை போய்விடுமா?
- இடைநிலை ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேறணும், ஐந்துக்குள் இருப்பவர்கள் தேறாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. உங்களுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது, அதை நம்பி உட்கார வேண்டாம் டீச்சர், படிக்க ஆரம்பியுங்கள். இருபது வருஷமாக எழுத்து சொல்லிக்கொடுத்தவரை மறுபடி பரீட்சை ஹாலில் உட்காரவைப்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

கே: மகளின் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். ஒரு வருஷம் யாரும் வரமாட்டார்கள் என்கிறார் ஹெச்.எம். நாங்கள் என்ன செய்ய?
- பெற்றோர், அரியலூர் மாவட்டம்

முதலில், டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். 2021 முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பன்னிரண்டு மாதம் விடுப்பு, அது அவர் உரிமை. சிக்கல், அவர் பணியில் இருப்பதாகத்தான் கணக்கு, அதனால் அது காலியிடப் பட்டியலிலேயே வராது. நீங்கள் கேட்க வேண்டியது 'மாற்றுப்பணி', பக்கத்துப் பள்ளியில் கூடுதலாக இருப்பவரைத் தற்காலிகமாக அனுப்பச் சொல்வது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். கூட்டத்தில் தீர்மானம் போட்டு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது அலுவலகத்தில் நிற்காது. அசையவில்லை என்றால் கிராம சபையில் எழுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு: இந்த ஒன்றியத்தில் எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பேர் மாற்றுப்பணியில். முப்பது நாளில் பதில் தரணும். பதில் வருவதற்கு முன்பே ஆள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கே: டீச்சர் இல்லாத வகுப்பில் என்னதான் நடக்கிறது?
- காஞ்சிபுரம்

லீடர் 'பேசியவர்கள்' என்று பலகையில் பெயர் எழுதுகிறான். அவனுக்குப் பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் ரெண்டு பெருக்கல் குறி.

கே: எங்களுக்கு மேத்ஸ் சார் இல்லை. தமிழ் அம்மா கைடு பார்த்து எழுதிப் போடுறாங்க. மைனஸ் மூணை மைனஸ் நாலால் பெருக்கினா ஏன் ப்ளஸ் பன்னிரண்டு வருது? கேட்டா 'ரூல்' அப்படினு சொல்றாங்க.
- ஏழாம் வகுப்பு மாணவன், அரூர் (நோட்டுத் தாளில் எழுதி அனுப்பியது)

ஆறு முதல் எட்டு வரை அறிவியல்-கணக்குக்கு ஒரு ஆசிரியராவது இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது தம்பி, அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தமிழ் அம்மாவைக் கேலி செய்யாதே, தெரியாத பாடத்தை உங்களுக்காக எடுக்கிறார்.

இப்போது பென்சிலை எடு. ஒன்றின்கீழ் ஒன்றாக எழுது. 3 × (−4) = −12. அடுத்து 2 × (−4) = −8. 1 × (−4) = −4. 0 × (−4) = 0. இடப்பக்கம் ஒவ்வொரு வரியிலும் ஒன்று குறைகிறது, வலப்பக்கம் என்ன ஆகிறது பார், −12, −8, −4, 0, ஒவ்வொரு தடவையும் நாலு கூடுகிறது. அதே வரிசையில் இறங்கிப் போ. (−1) × (−4)-க்கு என்ன வரும்? பூச்சியத்தோடு நாலு கூட்டு. மீதி ரெண்டு வரியை நீயே எழுதி, தமிழ் அம்மாவிடமும் காட்டிவிட்டு, விடையை ஒரு கார்டில் போட்டு எனக்கு அனுப்பு.