ஷேல் எரிவாயு அமெரிக்காவில் எப்படி இவ்வளவு வேகமாக வளர்ந்தது? அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லுங்களேன்

2007-லிருந்து ஏழு வருடம் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருந்தேன். பார்னெட் ஷேல் என்ற பாறைப் படிவம் அந்த ஊருக்கு நேர் கீழே, சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதனால் எரிவாயுக் கிணறுகள் ஊருக்கு வெளியே இல்லை. குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருந்தன.

எல்லாரும் சொல்லும் காரணம் தொழில்நுட்பம். ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையில் வாயு உண்டு, வெளியே வரத்தான் வழி கிடையாது. எரிவாயுக் கம்பெனி நடத்திய ஜார்ஜ் மிட்செல் 1981-ல் தொடங்கி விடாமல் பணத்தைக் கொட்டினார். 1998 வாக்கில் அவருடைய பொறியாளர்கள் பாறையை உடைக்கச் செலுத்திவந்த விலை கூடிய ஜெல்லைக் கைவிட்டு, வழுக்கும் மருந்து கலந்த தண்ணீரையும் கொஞ்சம் மணலையும் அழுத்திச் செலுத்தினார்கள். இப்படிப் பாறையில் விரிசல் விழவைப்பதுதான் ஃப்ராக்கிங். செலவு சடாரென்று இறங்கியது. 2002-ல் அவர் கம்பெனியை வாங்கிய டெவன் என்ற நிறுவனம், கிணற்றைப் படுக்கைவாட்டில் திருப்பித் தோண்டும் முறையையும் சேர்த்துக்கொண்டது.

சரி, ஆனால் பாறையைவிட நிலப் பத்திரம்தான் பெரிய காரணம் என்பேன். அங்கே நிலத்துக்கு அடியில் இருப்பதும் தனியார் சொத்தாக இருக்கலாம். உரிமைக்காரர் கையெழுத்துப் போட்டால் முன்பணம், அப்புறம் விற்கும் வாயுவில் ராயல்டி. பிரிட்டனில் 1934-ஆம் வருடச் சட்டப்படி அது அரசுக்குச் சொந்தம். அங்கே ஃப்ராக்கிங் நடந்த லங்காஷயர் பகுதிக்காரர்களுக்குக் கிடைத்தது நில அதிர்வுதான். 2019 ஆகஸ்டில் 2.9 அளவு அதிர்ந்தது, நவம்பரில் அரசு ஃப்ராக்கிங்கை நிறுத்தி வைத்தது.

இதில் ஒரு வில்லங்கம்: அடிநில உரிமையை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு வீட்டை விற்கலாம். நான் வாங்கிய வீடு அப்படிப்பட்டது. பத்திரத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை, தப்பு என்னுடையதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதாமாதம் செக், எனக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீர் லாரிச் சத்தம்.

பாதிப்பு என்றால் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் தீப்பிடிப்பதைத்தான் கேட்பார்கள். ஆழத்தில் விழும் விரிசலைவிட, கிணற்றைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் சரியில்லாமல் மீத்தேன் கசிவதுதான் அதற்கு முக்கியக் காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது கழிவுநீர். ஓக்லஹோமாவில் 2009-க்கு முன் 3 அளவைத் தாண்டும் அதிர்வு வருடத்துக்கு இரண்டோ என்னவோ. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் உப்புநீரைப் பூமிக்குள் ஆழமாகத் திரும்பச் செலுத்தியதில் 2015-ல் அது சுமார் 900 ஆனது.

வாயு வெள்ளமாக வந்ததில் 2008-ல் பத்து லட்சம் பி.டி.யு. (வெப்ப அளவு) வாயுவுக்கு 13 டாலர் வரை போன விலை 2012-ல் 2 டாலருக்கும் கீழே விழுந்தது. லூசியானாவின் சபீன் பாஸில் இறக்குமதிக்காகக் கட்டிய முனையத்திலிருந்து 2016-ல் ஏற்றுமதி தொடங்கியது. 2018-ல் நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலுக்கே மகாராஷ்டிராவின் தபோலில் வந்து இறங்கியது.

ஷேல் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். விலையும் விழுந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் செக்கைப் பார்த்தேன். ஒரு பீட்சா வாங்கலாம்.